நான் வெளுத்த முகங்கள்

மெஷினிலிருந்து முதல் நல்ல ஷீட் வந்து விழுந்தது. செல்வராசு அண்ணன் அதை இரண்டு கையாலும் எடுத்து, துணி உதறுவதுபோல ஒருமுறை உதறி, சாய்வு மேஜையில் விரித்தார். மை இன்னும் காயவில்லை. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் சாயங்காலம்வரை இறங்காது.

ஷீட்டின் ஒரு பாதி முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள். மறு பாதியில் ஏழு ஆண்கள் ஒரு செங்கல் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஏழு பேருக்கும் கறுப்புக் கோட்டு, ஒல்லியான டை, தலையில் சின்னத் தொப்பி. ஒருவர் கையில் நீளமான ஊதுகுழல். பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

"என்னத்தா மாரி, கல்யாண பேண்டு செட்டு மாதிரி நிக்காக?" என்றார் செல்வராசு அண்ணன்.

"பேண்டு செட்டுத்தாண்ணே. லண்டன் பேண்டு செட்டு."

எங்கள் அச்சக முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, குனிந்து, கோட்டுப் பொத்தான் முதல் தொப்பி விளிம்புவரை பார்த்தார். "பளிச்சுன்னு இருக்கு. ஓட்டுப்பா" என்றார். ஷீட்டின் ஓரத்தில் கையகலக் காலி இடத்தில் செல்வராசு அண்ணன் மகளின் புதுவீட்டுப் பால்காய்ப்பு அழைப்பிதழும் சேர்ந்து அச்சாகியிருந்தது. அதையும் பார்த்தார், பார்க்காததுபோல லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர் அச்சகங்களில் இது வழக்கம். பெரிய வேலையின் ஓரத்தில் வெட்டிப் போட வேண்டிய இடம் மிச்சமிருந்தால், வேலை செய்கிறவர்கள் வீட்டு விசேஷம் அதில் ஏறிக்கொள்ளும். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. என் தங்கச்சி சடங்குப் பத்திரிகை ஒரு மைதா மாவுப் பை விளம்பரத்தின் ஓரத்தில் பிறந்ததுதான்.

அந்த மேஜையைச் சுற்றி அன்று காலை, பேப்பர் அடுக்குகிற பையனையும் சேர்த்து, நாங்கள் நாலு பேர் நின்றோம். நாலு பேருக்கும் கண் நன்றாகத்தான் தெரியும். அந்த ஷீட்டில் என்ன தப்பு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தப்பைச் செய்தவள் நான். எனக்கே தெரியவில்லை.

பாட்டுத்தட்டுக்கு உறை

லண்டன் பாட்டுக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உலகத்தில் எதற்கு அட்டை தேவைப்பட்டாலும் அதற்கும் சிவகாசிக்கும் சம்பந்தம் உண்டு. அவ்வளவுதான் பதில்.

முகக்கவசத்தை எல்லோரும் கழற்றிப் போட்ட சமயம் அது. பெரிய கறுப்பு இசைத்தட்டுகளுக்கு வெளிநாட்டில் மறுபடி மவுசு வந்திருந்தது. அந்த ஏழு பேர் குழு ஒரு காலத்தில் பாடிப் பேர் வாங்கிய பாட்டுகளையெல்லாம் ஒரே தொகுப்பாகப் போடுகிறார்கள், அதற்கு உறை வேண்டும் என்று சென்னை ஏஜென்ட் ஒருவர் வேலையைக் கொண்டுவந்தார். குழுவின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அண்ணாச்சி யார் என்று தெரிந்துவிடும். அவர் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டைவரை படிக்கிறவர்.

ஏஜென்ட் கொஞ்சம் பேச்சுக்காரர். ஸ்கா என்று ஒரு இசை, ஜமைக்காவில் பிறந்தது, அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்களோடு போனது என்று சொன்னார். அப்படிப் போனவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர், அந்த ஊர் வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், சேர்ந்து ஆரம்பித்த குழு இது. "கறுப்பனோட ஒரே மேடையில நிக்காதே"ன்னு சில வெள்ளைக்காரனுங்க பாட்டிலைத் தூக்கி வீசுவானுங்களாம் மேடம், அதுக்குத்தான் இவங்க கட்டம் போட்ட அட்டை, கறுப்பு பக்கத்துலயே வெள்ளை, என்றார்.

கேட்டுக்கொண்டேன். டீ வந்தது, குடித்தேன். அதற்குப் பிறகு போய் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தேன் பாருங்கள், அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

பளிச்

நான் டிசைன் செக்‌ஷனில் எட்டு வருஷம் இருந்தேன். கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்து அச்சுத்தகடு எடுக்கும் பிளேட்டுக்கு அனுப்புவது என் வேலை. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள், கட்சிப் போஸ்டர், எது வந்தாலும் கடைசியாக ஒரு காரியம் செய்வேன். முகத்தைப் பளிச்சாக்குவேன்.

யாரும் அதைத் தனியாகச் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொல்லமாட்டார்கள், வட்டச் செயலாளர் சொல்லமாட்டார். செய்யாமல் அனுப்பினால்தான் "என்னம்மா, முகம் அப்பிக் கெடக்கு" என்று திரும்பி வரும். கறுப்பு அதிகமிருந்தால் அச்சில் மை கட்டிக்கொள்ளும், அதற்காகக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்பது தொழில் பாடம். உண்மைதான். ஆனால் கொஞ்சத்தோடு யார் நிறுத்தினார்கள்? எத்தனையோ மாப்பிள்ளைகளை நான் ரோஸ் நிறத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மணமேடையில் அவர்களைப் பார்த்தவர்கள் மயங்கி விழாதது அவர்கள் வீட்டுப் பாக்கியம்.

இத்தனைக்கும் நான் நல்ல கறுப்பு. மாநிறம், கறுப்பிலும் களை என்கிற பசப்பெல்லாம் எனக்கு வேண்டாம். கறுப்பு.

லண்டனிலிருந்து வந்த பைலுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, இனி கைவைக்கக் கூடாது என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். வைத்தேன். பிளேட்டுக்கு அனுப்பும் முன் கை தானாகப் போனது. அந்த மூன்று பேர் முகத்தையும் மவுஸால் வளைத்து, ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் நிற்கும் நாலு பேர் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எழுந்து போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன்.

ஆணி

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாரணாபுரம் பக்கம் எங்கள் வீடு. அம்மா பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். அப்பா லோடுமேன். பட்டாசுப் பெட்டி, பேப்பர் பண்டல், எதுவானாலும் லாரியில் ஏற்றுவார். வெயிலிலேயே வெந்தவர். இதற்கெல்லாம் முன்பே மாரடைப்பில் போனார். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் ஒன்றுதான் அவருக்கு உண்டு.

பதினாறாம் நாளுக்கு அதைப் பெரிதாக்கினேன். மகள் டிசைனர் அல்லவா? சட்டையை இஸ்திரி போட்டேன், பின்னால் நீல வெளிச்சம் வைத்தேன், முகத்தைப் பளிச்சாக்கினேன். சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது யாருட்டி?"

"அப்பாம்மா."

"உங்கப்பா எங்கட்டி? எந்த ஆபீசரயோ கொண்டாந்து மாட்டிருக்க. இதுக்கு நான் எப்படிட்டி விளக்கு ஏத்துவேன்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எம்புட்டு வேலை செய்திருக்கிறேன், இவளுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அம்மா படத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. விளக்கை ஆணிக்குக் கீழேதான் ஏற்றினாள்.

அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தப்பி விழுகிற அடி

இனி மெஷினுக்கு வருவோம். அண்ணாச்சி ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார், மெஷின் ஓடியது. மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. செல்வராசு அண்ணனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அந்தப் பேண்டு செட்டு எப்படித்தான் வாசிக்காகன்னு பாப்போம்த்தா" என்று தன் போனை நீட்டினார். அதில் அந்தக் குழுவின் கச்சேரி வீடியோவைத் தேடி எடுத்து ஓடவிட்டேன்.

மெஷின் சத்தத்திலும் அந்தப் பாட்டு கேட்டது. டிரம் ஒரு இடத்தில் அடிக்க, கிடார் அங்கே விழாமல் அடுத்த இடத்தில் வெட்டி வெட்டி விழுந்தது. ஊதுகிறவர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். செல்வராசு அண்ணன் தலையாட்டினார். "ஏலே, அடி தப்பித் தப்பி விழுதே! ஆனா காலு நிக்க மாட்டேங்குது பாரு" என்று மெஷின் பலகையில் தாளம் போட்டார். எனக்கும் கால் ஆடியது. எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் நையாண்டி மேளத்துக்கு ஆடிய கால்தானே.

நடுவில் நின்று பாடினவர் ஜமைக்கா வழி வந்த மூன்று பேரில் ஒருவர். வியர்வை ஊற்றுகிறது, தொப்பி பறக்கிறது, மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கால் நெஞ்சில் இடிக்க ஆடுகிறார். முகம் கன்னங்கரேலென்று மின்னுகிறது. கீழே நிற்கும் கூட்டத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுமேல் ஒன்று விழுந்து ஆடுகிறது.

சிரித்துக்கொண்டே திரும்பி ஷீட்டைப் பார்த்தேன். சுவரில் ஏழு பேர் நிற்கிறார்கள். பாடினவர் யார்? தேடினேன். தொப்பியையும் நிற்கிற சாயலையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இது யாருட்டி என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. மெஷின் பக்கத்திலேயே நின்றேன். கறுப்பனோடு நிற்காதே என்று பாட்டிலை வீசினார்களாம். வீசினவர்களால் செய்ய முடியாததை நான் ஒரு இழுப்பில் செய்துவிட்டேன். மேடையில் கறுப்பே இல்லை இப்போது.

"அண்ணே, நிறுத்துங்க" என்றேன்.

"என்னத்தா?"

"மெஷின நிறுத்துங்கண்ணே. நான் மொகத்த வெளுத்துட்டேன்."

யாருக்குக் கோபம்?

அண்ணாச்சி ஆடிப் பதினெட்டு அவசரத்தில் இருந்தார். எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை அன்றுதான் வெளியிடுவார்கள். இன்னும் சில நாள்தான் இருந்தது. அடுத்து அந்த மெஷினில் முருகனும் லட்சுமியும் ஏற வேண்டும். அப்போது போய் நான் ஷீட்டை மேஜையில் விரித்து, போனில் இருந்த ஒரிஜினல் படத்தையும் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டையும் பார்த்தார். "சரி. நல்லாத்தானே ஆக்கிருக்க? முன்னாடி இருந்தத விட இதுதான் எடுப்பா இருக்கு."

"இது அவங்க மொகமே இல்ல அண்ணாச்சி."

"ஏம்மா மாரி, வெள்ளைக்கார ஊருக்குப் போற சரக்கு. வெள்ளையா இருந்தா அவனுக்கு என்ன வலிக்குது? மொகம் பளிச்சுன்னு இருக்குன்னு உலகத்துல எவனாச்சும் கோவிச்சுக்குவானா?"

"நான் கோவிச்சுக்குதேன்."

"நீ யாரு கோவிச்சுக்க?"

"நானும் அவங்க கலருதான், அண்ணாச்சி. அதுதான்."

அவர் முகம் சிவந்தது. நான் வேலை பழகியதே இவரிடம்தான், கெட்டவர் இல்லை. ஆனால் முக்கால்வாசி ஓடி முடிந்த நேரத்தில் வந்து நிற்கிறேன், அவருக்கும் கோபம் வராதா? ஒப்புதலான பைலில் நீ ஏன் கைவைத்தாய் என்று கேட்டார். சரியான கேள்வி. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்றேன். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார், கட்டிங்குக்கு அனுப்பு என்றார்.

"அனுப்ப முடியாது அண்ணாச்சி. ஏஜென்டுக்கு மெயில் போடப் போறேன்."

"போட்டேன்னா நாளையிலருந்து நீ இங்கன வர வேண்டாம்."

செல்வராசு அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கையில் இருந்த எண்ணெய்த் துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைத்தார். அவரிடம் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவருக்கு வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு ஒரு அம்மா, ஒரு தங்கச்சி, ஒரு ஆணி, அவ்வளவுதான்.

போய் உட்கார்ந்தேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சி காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆனாலும் இரண்டு படத்தையும் வைத்து, கீழே நான்தான் மாற்றினேன் என்று எழுதி, பெயர் போட்டு அனுப்பினேன். எட்டு வருஷத்தில் என் பெயர் போட்டு அந்த அச்சகத்திலிருந்து வெளியே போன ஒரே வேலை அதுதான்.

கால் மணி நேரத்தில் ஏஜென்ட் போனில் வந்தார். அவர் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது. ஒரு ஷீட்டும் வெளியே வரக் கூடாது, மறுபடி அடித்துக் கொடுங்கள் என்றார். எனக்குப் பாராட்டு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் அச்சகத்துக்கு வேலையே தரவில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணாச்சிக்கு என்னால் நஷ்டம்தான், இல்லையென்று நான் மழுப்பப் போவதில்லை.

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஒருநாள் வா. பிளேட்டு நீயே போட்டுக் குடுத்துட்டுப் போ" என்றார்.

ஓரத்து இடம்

மறுநாள் வரும்போது அப்பாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தேன்.

பாட்டுக்காரர்கள் படத்தை வந்தபடியே வைத்தேன். ஒரு புள்ளியைத் தொடவில்லை. ஓரத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் அப்பாவை வைத்தேன். அட்டையில் இருந்த அதே முகம், கசங்கிய காலரோடு, நெற்றித் தழும்போடு. யாரிடமும் கேட்கவில்லை. வழக்கம்தானே, என் வீட்டு விசேஷமும் ஏறட்டும் என்று இருந்தது.

முதல் ஷீட் விழுந்தது. செல்வராசு அண்ணன் உதறி விரித்தார். கண் நேராக ஓரத்துக்குப் போனது.

"ஏலே, நம்ம முனியாண்டி அண்ணன்லா!"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அப்பாவோடு பேப்பர் பண்டல் இறக்கியவர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மை கூட்டிக் குறைக்கிற பட்டன் பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டார்.

"கறுப்பு இன்னும் கொஞ்சம் கூட்டவாத்தா? அண்ணன் இதவிடக் கொஞ்சம் கறுப்பா இருப்பாக."

"கூட்டுங்கண்ணே."

"இவுகளும் அந்தப் பாட்டுக்காரரும் ஒரே மை வரிசையில வாறாக. இங்கன கூட்டுனா அவருக்கும் கூடும்."

"லண்டன் படத்தப் பாருங்கண்ணே. அவருக்கும் இன்னும் வேணும்."

கூட்டினார். மைக்கு என்ன தெரியும், இரண்டு பேருக்கும் ஒன்றுபோல ஏறியது. அண்ணாச்சி லென்ஸோடு வந்தார். கோட்டு, தொப்பி, மூன்று முகங்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். அங்கே லென்ஸ் நின்றது. லென்ஸைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாடிக்கு ஏறிப் போனார்.

இப்போது எனக்கென்று ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முகம் வெளுத்துக் கொடுக்கப்படாது என்று நானே பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். பலகையைப் படித்துவிட்டுப் படியேறாமல் போகிறவர்கள் உண்டு. போகட்டும். போன வாரம்கூட ஒரு அம்மாள், பெண் பார்க்க வருகிறார்கள், ஒரே ஒரு இழுப்பு என்று கெஞ்சினாள். உங்கள் மகளைப் பார்க்க வருகிறார்களா, என் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார்களா என்று கேட்டேன். திட்டிவிட்டுப் போனாள். அந்தப் பெண் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அச்சகத்தில் அந்தக் கடைசி நாள் சாயங்காலம் ஷீட்டின் ஓரத்தை வெட்டி, பழைய சட்டத்தில் இருந்த ஆபீசரை எடுத்துவிட்டு, அப்பாவை வைத்தேன். ஆணியில் மாட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன். கம்பெனி வேன் வந்தது. அம்மா இறங்கி வந்தாள். அலுமினியப் பொடி அப்பி, கை, கழுத்து, காதுமடல் எல்லாம் வெள்ளிபோல இருந்தது. பட்டாசுக்காரி வேனிலிருந்து இறங்கினால் அந்த நிறம்தான், தேய்த்துக் குளித்தால்தான் சொந்த நிறம் வரும்.

படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தாள், முகத்தைத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். கறுத்த கை வெளியே வந்ததும் முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நெற்றித் தழும்பைத் தொட்டாள்.

"எங்கன போயிருந்தீக இம்புட்டு நாளா?" என்றாள்.